பழைய அக்கார்டு பார்க்கப் போகிறீர்களா? விடிகாலையில் போங்கள்

அன்னூரிலிருந்து கணபதியில் இருக்கும் என் லேத் பட்டறைக்குச் சத்தி ரோட்டில் போக 25 கிலோமீட்டர், வர 25. நான்கு வருடமாக இந்தத் தூரத்துக்கு 2011 மாடல் ஹோண்டா அக்கார்டு கார்தான்; 2.4 லிட்டர் பெட்ரோல் எஞ்சின், ஆட்டோமேட்டிக் கியர். மூன்றே முக்கால் லட்சத்துக்கு வாங்கினேன். அதற்கு முன் பத்து வண்டி பார்த்து விட்டேன். கற்றுக்கொண்டதெல்லாம் அந்தப் பத்திலும்தான்.

தினமும் ஓட்ட வேண்டுமென்றால் டர்போ இல்லாத ஜப்பான் பெட்ரோல் எஞ்சினைப் பாருங்கள். அக்கார்டு 2.4, டொயோட்டா கேம்ரி 2.4 இரண்டிலும், குறிப்பிட்ட காலத்தில் மாற்ற வேண்டிய டைமிங் பெல்ட் கிடையாது, செயின்தான். ஆறு சிலிண்டர் அக்கார்டு வி6 ஓட்ட சுகமானது, ஆனால் பெல்ட் மாற்றும் வேலை உண்டு. பழைய கேம்ரி 2.4 ஆயில் குடிக்கும் என்று பேர் வாங்கியது. ஆயில் அளவு காட்டும் கம்பியான டிப்ஸ்டிக்கை இழுத்துப் பார்க்காமல் பேசவே வேண்டாம். 1995-லிருந்து புனேயில் அசெம்பிள் செய்த பென்ஸ் இ-கிளாஸ் மேல் எனக்கும் ஆசைதான். மில்காரர் வீட்டு போர்ட்டிகோவில் அதைப் பார்த்து வளர்ந்தவன் நான். ஆனால் அது ஞாயிற்றுக்கிழமை வண்டி.

வண்டி பார்க்க விடிகாலையில் போங்கள், முதல் நாளே சொல்லிவிடுங்கள்: "நான் வந்துதான் ஸ்டார்ட் பண்ணணும்." திருப்பூரில் ஒரு புரோக்கரிடம் ஆறரை மணிக்குப் போய் நின்றேன். பானட்டில் கை வைத்தால் தோசைக்கல் மாதிரி இருந்தது. "உங்களுக்காகச் சூடு பண்ணி வெச்சிருக்கனுங்ணா" என்றார். டீ மட்டும் குடித்துவிட்டு வந்துவிட்டேன். ஆறிய எஞ்சின்தான் உண்மை பேசும். இந்த 2.4 எஞ்சினில், ஸ்டார்ட் ஆன முதல் நொடியில் செயின் பக்கம் 'கர்ர்' என்று ஒரு சத்தம் வரலாம். வால்வு திறக்கும் நேரத்தை மாற்றும் விடிசி ஆக்சுவேட்டர் தேய்ந்திருக்கிறது என்று அர்த்தம். ஒரு நொடியில் அடங்கினால் விலையில் குறையுங்கள். அடங்காமல் நீண்டால் செயினும் போயிருக்கலாம், விட்டுவிடுங்கள். ஸ்டீயரிங் திருப்பும்போது முனகினால் உடனே பம்ப் போச்சு என்று பயப்பட வேண்டாம். பல நேரம் பைப் சேரும் இடத்தில் ஒரு சின்ன ரப்பர் வளையம் (ஓ-ரிங்) காற்று இழுப்பதுதான் காரணம்.

அப்புறம் ரேடியேட்டர். நம் பக்கத்தில் வண்டி கெடுவது பெரும்பாலும் இங்கேதான் என்பேன். எஞ்சின் ஆறியிருக்கும்போது மட்டும் மூடியைத் திறந்து, விரலை உள்பக்கம் ஓட்டிப் பாருங்கள். எஞ்சினைக் குளிர வைக்கும் கூலன்ட் தெளிவான நிறத்தோடு இருக்க வேண்டும். நான் பார்த்த ஒரு வண்டியில் விரலில் சுண்ணாம்பு மாதிரி வெள்ளையும் துருவும் ஒட்டி வந்தது. ஓனர் வருடக்கணக்காகத் தோட்டத்து போர் தண்ணீரை ஊற்றியிருக்கிறார். சுடுதண்ணீர் போடும் ஹீட்டரில் படியும் அதே உப்புதான் ரேடியேட்டர் குழாயையும் அடைக்கும். சமதளத்தில் தெரியாது; கோத்தகிரி ஏற்றத்தில் ஏசி போட்டு ஏறும்போது எஞ்சின் சூடு காட்டும் முள் மேலே போகும். அதற்கப்புறம் எஞ்சினைப் பிரித்து ஹெட் கேஸ்கெட் மாற்றும் செலவு. முடிந்தால் மேட்டுப்பாளையத்துக்கு மேலே ஒரு நடை ஓட்டிப் பாருங்கள். ஓனர் விடமாட்டேன் என்றால் ஏசியைப் போட்டு இருபது நிமிடம் ஐட்லிங்கில் நிறுத்தி முள்ளைக் கவனியுங்கள்.

கியர்: பிரேக்கை மிதித்தபடி டி-யிலிருந்து ஆர்-க்கு மாற்றுங்கள். யோசித்துவிட்டு 'டொக்' என்று விழுந்தால் வேண்டாம். இன்னொன்று, தனியாக ஓட்டிப் பார்த்து ஏமாறாதீர்கள். இது நீளமான, தாழ்ந்த வண்டி. ஒரம்பரை வீட்டு விசேஷத்துக்கு நாலு பேராகப் போகும்போதுதான் ஊர் வேகத்தடையில் வயிறு உரசும். நான் பங்காளிகள் மூன்று பேரை ஏற்றிக்கொண்டுதான் டிரையல் போனேன்.

சென்னை வண்டியென்றால் 2015 வெள்ளம் ஞாபகம் இருக்கட்டும்: சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துச் சேற்றுக் கறை இருக்கிறதா பாருங்கள். டெல்லி வண்டி மலிவாக வரும், அங்கே பெட்ரோல் வண்டிக்கு 15 வருடம் என்று கெடு வைத்ததால். ஆனால் அங்கே தடையில்லாச் சான்று (என்ஓசி) வாங்கி, இங்கே வரியும் கட்டிய பிறகு அந்த மலிவு பாதி கரைந்துவிடும். பழைய இன்சூரன்ஸ் பாலிசியில் நோ கிளெய்ம் போனஸ் (கிளெய்ம் கேட்காததற்குத் தரும் தள்ளுபடி) 50 சதவீதம் இருந்தால் நல்ல சகுனம். 15 வருடம் தாண்டும் வண்டிக்கு ஆர்சி புதுப்பிக்க 5,000 ரூபாய். 20 தாண்டினால் 2025 ஆகஸ்டிலிருந்து 10,000. பசுமை வரி தனி.

அட்வான்ஸ் கொடுக்கும் முன் ஹெட்லைட், ஏசி கம்ப்ரசர், ஸ்டீயரிங் ரேக் மூன்றுக்கும் கடையில் விலை கேட்டுவிடுங்கள். எதை வாங்கினாலும் விலையில் கால்பங்கை ஒதுக்கி வையுங்கள். எனக்கு டயர், பேட்டரி, சஸ்பென்ஷன் புஷ், கியர் ஆயில், ரப்பர் ஹோஸ் என்று முதல் இரண்டு மாதத்தில் 95,000 ஆனது. ஹோஸைக் கட்டாயம் பாருங்கள். இப்போது பங்க்கில் வரும் 20 சதவீத எத்தனால் பெட்ரோலை நினைத்துச் செய்த ரப்பர் அல்ல அது. மைலேஜ் லிட்டருக்கு ஒன்பது, மாதம் 140 லிட்டர். வீட்டில் கேட்டால் பன்னிரண்டு என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

டிக்கியில் எப்போதும் ஒரு கேன் கூலன்ட் இருக்கும். பட்டறைப் பையன்கள் சனிக்கிழமை வண்டி கழுவுவார்கள், பானட்டை மட்டும் திறக்க விடுவதில்லை. அங்கேயும் போர் தண்ணீர்தான்.