வேலூர்ப் பக்கத்திலிருந்து வெளிநாடு வந்தவர்களுக்கு: வீட்டில் முடி வெட்டிக்கொள்வது பற்றி

வீடு எப்படிப் பிடிப்பது, வங்கிக் கணக்கு எப்படித் திறப்பது, எந்தக் கடையில் பொன்னி அரிசி கிடைக்கும் என்றெல்லாம் சொல்லிக்கொடுக்க ஆட்கள் இருக்கிறார்கள். வந்து ஆறு வாரத்தில் காதின் மேல் முடி வந்து விழும்போது என்ன செய்வது என்று யாரும் சொல்வதில்லை. முடி மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டருக்குச் சற்றுக் கூடுதலாக வளரும். ஆக இந்தக் கவலை எல்லாருக்கும் ஏறக்குறைய ஒரே நேரத்தில்தான் வருகிறது.

ஊரில் இதற்கு வாயே திறக்க வேண்டியதில்லை. தோட்டப்பாளையத்திலோ, சத்துவாச்சாரியிலோ, குடியாத்தத்திலோ வழக்கமான சலூனில் போய் உட்கார்ந்தால், "இன்னா தம்பி, மீடியமா?" என்று அண்ணன் கேட்பார், நாம் தலையை ஆட்டுவோம். இங்கே அதையே வேறொரு மொழியில், பழக்கமில்லாத ஒருவரிடம் விளக்க வேண்டும். பல கடைகளில் முன்பதிவு வேண்டும். நம் ஊரில் சலூனுக்குச் செவ்வாய்க்கிழமை விடுமுறை என்றால், ஜெர்மனியில் ஞாயிறோடு திங்களும் பல கடைகள் திறக்காது. அமெரிக்காவில் கூலிக்கு மேல் 15 முதல் 20 சதவீதம் டிப்ஸ் வைப்பது வழக்கம். இரண்டு மூன்று கட்டிங் காசில் முடி வெட்டும் நல்ல மெஷினே ஒன்று வாங்கிவிடலாம்.

துபாய், ஷார்ஜா, சிங்கப்பூர் பக்கம் போனவர்களுக்கு இது அவ்வளவு தேவையில்லை. அங்கே நம்மவர்கள் கடையோ, நம் பேச்சு புரிகிற கடையோ கையெட்டும் தூரத்தில் இருக்கும், விலையும் தாங்கும். அமெரிக்கா, கனடா, பிரிட்டன், ஐரோப்பா, ஆஸ்திரேலியா போனவர்கள் கட்டாயம் கற்றுக்கொள்ளுங்கள்.

ஆனால் முழுக் கட்டிங்கையும் தானே செய்துகொள்ள வேண்டும் என்று இறங்காதீர்கள். பக்கங்கள், கிருதா, பிடரி மூன்றையும் நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். மேல் முடியை இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை கடைக்காரரிடம் விடுங்கள். தலை பரட்டையாகத் தெரிவதற்குக் காரணம் பெரும்பாலும் காதோரமும் கழுத்தும்தான். அந்த இரண்டையும் மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஒதுக்கிவிட்டால், மேலே கொஞ்சம் வளர்ந்திருந்தாலும் அழகாகவே இருக்கும்.

இன்னும் கிளம்பாமல் வேலூரில் இருப்பவர்கள் ஒரு காரியம் செய்யுங்கள். கடைசிக் கட்டிங்குக்குப் போகும்போது, கூட்டமில்லாத நேரமாகப் பார்த்து அண்ணனிடம் விஷயத்தைச் சொல்லிவிடுங்கள். பக்கத்துக்கு மெஷினில் எந்த நம்பர் சீப்பு மாட்டுகிறார், கழுத்தில் வட்டமா சதுரமா, சுழி எங்கே இருக்கிறது, எந்தப் பக்கம் முடி எதிர்த்து வளர்கிறது என்று கேளுங்கள். வெட்டி முடித்ததும் பின்பக்கத்தையும் இரண்டு பக்கங்களையும் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஏற்கெனவே வந்துவிட்டவர்கள், தம்பியையோ நண்பனையோ அந்தக் கடைக்கு அனுப்பி வீடியோ காலில் பேசுங்கள். வருடக்கணக்கில் உங்கள் தலையைக் கையில் பிடித்தவர் அவர். உங்கள் அம்மாவுக்கு அடுத்தபடியாக அந்தத் தலையைத் தெரிந்தவரும் அவர்தான். கேட்டால் சந்தோஷமாகச் சொல்வார்.

சுழியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். உச்சிக்குச் சற்றுப் பின்னால், முடி வட்டமாகச் சுற்றிக் கிளம்பும் இடம் அது. சிலருக்கு இரட்டைச் சுழி இருக்கும். அந்த இடத்தில் முடியைக் குட்டையாக வெட்டிவிட்டால் குச்சிபோல நட்டுக்கொண்டு நிற்கும். எண்ணெய் தடவினாலும் படியாது, வளர்ந்துதான் ஆக வேண்டும். அதனால் மெஷினைப் பின்னாலிருந்து மேலே கொண்டுபோகும்போது சுழிக்கு நான்கு விரல் கீழேயே நிறுத்திவிடுங்கள்.

இனி மெஷின். ஊரிலிருந்து வயர் வைத்த மெஷின் கொண்டுவந்தால் பிரிட்டன், ஐரோப்பா, ஆஸ்திரேலியாவில் ஓடும், பிளக் மட்டும் மாற்ற வேண்டும். அமெரிக்கா, கனடாவில் மின்சாரம் 120 வோல்ட். நம் 230 வோல்ட் மெஷின் அங்கே திணறும், முடியைப் பிடித்து இழுக்கும். சார்ஜரில் 100–240 என்று எழுதியிருக்கும் ரீசார்ஜ் மெஷின் எங்கேயும் சரி. லித்தியம் பேட்டரி மெஷினைக் கைப்பையில் வையுங்கள், கத்தரிக்கோலைச் செக்-இன் பெட்டியில் போடுங்கள். கத்தரிக்கோல் முடி வெட்டுவதற்கென்றே செய்த ஐந்தரை அல்லது ஆறு அங்குலத்தது வேண்டும். அதால் காகிதமோ பால் கவரோ வெட்டக் கூடாது. முனை மழுங்கினால் முடி அறுபடாமல் மடங்கும். கூடவே சின்னதாக ஒரு படிகாரக்கல்லும் எடுத்துக்கொள்ளுங்கள். கழுத்தில் லேசாகக் கீறினால் நனைத்து ஒரு தடவு தடவ, ரத்தம் நின்றுவிடும்.

நிறையப் பேர் ஏமாறுவது நம்பரில். நம் ஊர்ச் சலூனில் 'நம்பர் 3' என்று மாட்டும் பிளாஸ்டிக் சீப்பு, முடியைச் சுமார் 10 மில்லிமீட்டர் விடும். நம்பர் 1 என்றால் 3 மில்லிமீட்டர், 2 என்றால் 6, 4 என்றால் 13, 8 என்றால் 25. ஆனால் தாடி டிரிம்மரின் சக்கரத்தில் '3' என்று இருந்தால் அது பெரும்பாலும் வெறும் 3 மில்லிமீட்டர்தான். ஊர் ஞாபகத்தில் மூன்றில் வைத்து ஓட்டினால் தோல் தெரியும். ஜெர்மனிக் கடைகளிலும் மில்லிமீட்டரில்தான் பேசுவார்கள். அங்கே போய்ச் சும்மா 'மூன்று' என்று சொல்லிவிடாதீர்கள்.

வெட்டும் நாளில் முதலில் தலைக்குக் குளித்து எண்ணெய்ப் பிசுக்கை எடுத்துவிடுங்கள். எண்ணெய்த் தலையில் மெஷின் நகராது. முடி நன்றாகக் காய்ந்த பிறகு 4-ஆம் நம்பரை மாட்டிக் காதுக்கு முன்னாலிருந்து தொடங்குங்கள். முடி வளரும் திசைக்கு எதிராக, கீழிருந்து மேலே, சீப்பு தோலில் முழுசாகப் பதிந்தபடி மெதுவாகப் போக வேண்டும். பக்கவாட்டில் மண்டை உச்சியை நோக்கி வளையத் தொடங்கும் இடம் கையால் தடவினாலே தெரியும். அங்கே வந்ததும் மண்டையோடு சேர்ந்து வளையாமல், மெஷினை நேராக வெளியே எடுத்துவிடுங்கள். கை மண்டையோடு வளைந்து போனால்தான் கிண்ணம் கவிழ்த்த மாதிரி கோடு விழும். இதே அளவு போதும் என்று தோன்றினால் அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். இன்னும் குறைய வேண்டுமென்றால் காதுக்கு மேலே இரண்டு விரல் அகலத்துக்கு மட்டும் 3-ஆம் நம்பர் போடுங்கள். நம் முடி கறுப்பு, அடர்த்தியும் அதிகம், அதனால் இரண்டு நம்பரும் சேரும் இடத்தில் கோடு பளிச்சென்று தெரியும். மெஷின் பக்கத்தில், வெட்டும் நீளத்தைக் கொஞ்சம் கூட்டிக் குறைக்கும் லீவர் இருந்தால், 3-ஐ மாட்டி லீவரைத் திறந்துவிட்டு (நீளம் கூடும் பக்கம் தள்ளி) அந்தக் கோட்டின்மேல் மட்டும் லேசாகத் தட்டித் தட்டி எடுங்கள், கலந்துவிடும். தோல் வரைக்கும் இறக்கும் ஃபேட் எல்லாம் கடைக்காரர் வேலை, அதை வீட்டில் தொடாதீர்கள்.

கிருதாவைக் காதை வைத்து அளக்காதீர்கள், பலருக்கு இரண்டு காதும் ஒரே மட்டத்தில் இருப்பதில்லை. கண்ணாடியை நேராகப் பார்த்து, இரண்டு ஆள்காட்டி விரலையும் கிருதாவின் அடியில் வைத்து மட்டம் பாருங்கள்.

பிடரிக்கு இரண்டு கண்ணாடி வேண்டும். குளியலறைக் கண்ணாடிக்கு முதுகைக் காட்டி நின்று, கையில் இன்னொரு கண்ணாடியைப் பிடித்து அதில் பாருங்கள். முதலில் மெஷினை ஆன் செய்யாமல் இரண்டு மூன்று முறை ஓட்டிப் பழகுங்கள், கை எந்தப் பக்கம் போகிறது என்று மூளைக்குப் பிடிபடக் கொஞ்ச நேரம் ஆகும். இயற்கையாக முடி முடிகிற கோட்டை மேலே ஏற்றாதீர்கள். ஒருமுறை ஏற்றினால் ஒரு வாரத்தில் கீழே முள்முள்ளாக முளைத்து, மறுபடி எடுக்கச் சொல்லும். கோட்டுக்குக் கீழே சிதறிக் கிடப்பதை மட்டும் எடுத்தால் போதும். கழுத்தில் மச்சம் இருப்பவர்கள் விரலால் மூடிக்கொண்டு ஓட்டுங்கள்.

அறையில் கூட இருக்கும் பையன் கை கொடுத்தால் இந்தக் கண்ணாடி வித்தையே வேண்டாம். நம் ஊர்ப் பிள்ளைகள் நாலைந்து பேர் சேர்ந்து தங்கியிருக்கும் வீடுகளில் ஒருத்தருக்கொருத்தர் பிடரி எடுத்துவிடுவது நல்ல வழக்கம். ஆனால் மெஷின் பொதுவாக இருந்தால் படர்தாமரையும் பொதுவாகிவிடும். ஒருவருக்கு வெட்டியதும் பிளேடைக் கழற்றித் தூரிகையால் முடியைத் தட்டி, 70 சதவீத ஆல்கஹால் ஊற்றித் துடைத்துக் காயவைத்த பிறகுதான் அடுத்தவருக்கு. பிளேடுக்கு மெஷினோடு கொடுக்கும் எண்ணெய்தான் விட வேண்டும். தேங்காயெண்ணெய் மார்கழிக் காலையில் வேலூரிலேயே உறைந்துவிடுகிறது, பனி கொட்டும் ஊரில் பிளேடுக்குள் கெட்டியாகி மெஷினையே நிறுத்திவிடும்.

பெண்களுக்கு இது இன்னும் சுலபம். நுனி பிளவுபட்டதை மட்டும் எடுக்க, ஈர முடியைச் சிக்கில்லாமல் வாரிக் கழுத்தோடு ஒரு ரப்பர் பேண்ட் போட்டு, அதை நுனிவரைக்கும் இறக்கி, கீழே அரை அங்குலம் மட்டும் வெட்டுங்கள். ஈர முடி நீண்டு தெரியும், காய்ந்தால் ஏறிக்கொள்ளும். அதனால் நினைத்ததைவிடக் குறைவாகவே எடுங்கள். சுருட்டை முடியைக் காய்ந்த நிலையில்தான் வெட்ட வேண்டும். பின்னால் தோழி வெட்டுவதானால், தலையைக் குனியாமல் நேராக நின்றுகொள்ளுங்கள். குனிந்தால் கோடு கோணலாகும்.

வீட்டுக்குள் முடி வெட்டக் கூடாது, செவ்வாய் வெள்ளி கூடாது, விளக்கு வைத்த பிறகு கூடாது என்று அம்மா போனில் சொல்வார்கள். அதற்காக அவர்களோடு மல்லுக்கு நிற்க வேண்டாம். ஞாயிறு காலை குளியலறையில் பழைய போர்வையை விரித்து வெட்டி, முடியைச் சுருட்டிக் குப்பையில் போட்டுவிட்டு உடனே குளித்துவிடுங்கள். அம்மாவுக்கும் திருப்தி, சோற்றிலும் முடி விழாது. தொட்டியின் சாக்கடை வாயில் மட்டும் முடியைத் தள்ளிவிடாதீர்கள். அடைத்துக்கொண்டால் வீட்டுக்காரர் முன்பணத்தில் கைவைப்பார்.

கடைசியாக ஒன்று. ஊரில் அப்பாவோ அம்மாவோ தவறி, காரியத்துக்குப் போக முடியாமல் இங்கேயே மொட்டை போட்டுக்கொள்ள நேர்பவர்கள் இருக்கிறார்கள். அந்த நாளில் கண்ணாடி முன்னால் தனியாக நிற்காதீர்கள், தெரிந்த ஒருவரை வீட்டுக்குக் கூப்பிடுங்கள். முதலில் சீப்பு மாட்டாத மெஷினால் முழுக்க எடுத்து, வெந்நீர்த் துணியைச் சற்று நேரம் தலையில் வைத்து, நுரை தடவி, புதிய பிளேடால் முடி போகும் திசையிலேயே அவர் வழித்துவிடட்டும். காதுக்குப் பின்னாலும் பிடரி மேட்டிலும் தோலை இழுத்துப் பிடித்துச் செய்யச் சொல்லுங்கள். அடுத்த ஒரு வாரம் குல்லா இல்லாமல் வெளியே போகாதீர்கள், வழித்த தலை குளிரையும் வெயிலையும் தாங்காது.