சரிவை அளப்பது எப்படி? ஒரு கம்பும் ரசமட்டமும் போதும்

இலங்கை மலையகத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்குக்கூட ஒரு சரிவு எவ்வளவு செங்குத்தானது என்று கண்ணால் சொல்ல வராது. கீழே நின்று அண்ணாந்து பார்த்தால் 10 பாகைச் சரிவு 25, 30 பாகையாகத் தெரியும். இந்தப் பிழை எல்லார் கண்ணுக்கும் உண்டு. ஆகவே ஊகத்தை விட்டுவிட்டு அளந்துவிடுவோம்.

முதலில்: உயரம் வேறு, சரிவு வேறு

ஹோர்ட்டன் சமவெளி கடல் மட்டத்திலிருந்து 2,100 மீட்டருக்கு மேல் இருக்கிறது. அங்கே பெரும்பகுதி தூரத்தை மூச்சு வாங்காமல் நடந்துவிடலாம். அதே சமவெளியின் ஓரத்தில் உள்ள ‘உலக முடிவு’ (World's End) என்ற இடத்தில் நிலம் செங்குத்தாக விழுகிறது. உயரத்தில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. குறிப்பிட்ட கிடைத்தூரத்தில் நிலம் எவ்வளவு ஏறுகிறது அல்லது இறங்குகிறது என்பதுதான் சரிவு.

கம்பால் அளப்பது

தேவையானவை: சரியாக 1 மீட்டர் நீளமுள்ள நேரான கம்பு, மேசன்மார் வைத்திருக்கும் ரசமட்டம், அளவு நாடா.

கம்பின் ஒரு முனையைச் சரிவின் மேல்பக்கத்தில் தரையில் ஊன்றுங்கள். மறுமுனையைக் கீழ்நோக்கி நீட்டி, அதன்மேல் ரசமட்டத்தை வைத்து, குமிழி நடுவுக்கு வரும்வரை தூக்கிப் பிடியுங்கள். இப்போது அந்தரத்தில் நிற்கும் முனையிலிருந்து தரைவரை நேர்கீழாக அளவெடுங்கள். 35 சென்டிமீட்டர் வந்தால் சரிவு 35 சதவீதம். கணக்கு அவ்வளவுதான்.

புதியவர்கள் தடுமாறுவது ஒரே இடத்தில்தான்: கம்பைத் தரையோடு சாய்த்து வைத்துவிடுவார்கள். கம்பு எப்போதும் கிடையாக இருக்க வேண்டும்.

தேயிலை மலையில் அளப்பவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை. பழைய செடியின் தூரைக் குனிந்து பாருங்கள். மேல்பக்கத்தில் மண் வந்து தேங்கி மேடாகியிருக்கும். கீழ்ப்பக்கத்தில் மண் அரித்துப்போய் வேர் வெளியே தெரியும். ஒரே செடிக்கு மேலும் கீழும் அளந்தால் இரண்டு விடை வரும். எனவே தூர் அருகே அளக்காதீர்கள். நிரைகளுக்கு நடுவே, மேலிருந்து கீழாக நேர்கோட்டில் கம்பை மாற்றி மாற்றி வைத்துப் பல இடங்களில் அளந்து சராசரி எடுங்கள். கான் (வடிகால்) குறுக்கிட்டால் அந்த இடத்தைத் தாண்டிவிடுங்கள்.

சதவீதமும் பாகையும்

100 சதவீதம் என்றால் சுவர் போன்ற செங்குத்து என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அது 45 பாகை: கிடையாக 1 மீட்டர் போனால் 1 மீட்டர் ஏற்றம். 18 சதவீதம் ஏறக்குறைய 10 பாகை, 36 சதவீதம் 20 பாகை, 58 சதவீதம் 30 பாகை.

ரயில்வேக்காரர்கள் விகிதமாகச் சொல்வார்கள். கொழும்பு–பதுளைப் பாதையின் கடும் ஏற்றம் 44க்கு 1, அதாவது 2.3 சதவீதம்தான்; பாகையில் ஒன்றரைகூட இல்லை. இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்தில் வழுக்கும் என்பதால் அதற்கு மேல் போக முடியவில்லை. அதனால்தான் ரயில் மலையைச் சுற்றிச் சுற்றி ஏறுகிறது. தெமோதரையில் தன் பாதைக்குக் கீழேயே புகுந்து போகிறது.

வீதிக்கும் இதே நியாயம். 100 மீட்டர் உயரத்தை 8 சதவீதத்தில் ஏற 1,250 மீட்டர் வீதி வேண்டும். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகும் குறுக்குப்பாதை 40 சதவீதம் என்றால் கிடையாக 250 மீட்டரிலேயே அந்த உயரம் வந்துவிடும். கால் முட்டிதான் விலை.

தூரத்திலுள்ள சரிவுக்கு

கணிதப் பெட்டியிலுள்ள பாகைமானியின் நடுத்துளையில் நூல் கட்டி, நுனியில் ஒரு சிறு நட்டைத் தொங்கவிடுங்கள். நேர்விளிம்பு மேலே இருக்கட்டும். அந்த விளிம்பு வழியே, மேட்டில் நிற்கும் உங்கள் உயரமுள்ள ஒருவரின் கண்ணைக் குறிபாருங்கள். நூல் 90இலிருந்து எவ்வளவு விலகி நிற்கிறதோ, அதுவே சரிவின் பாகை. காற்று அடங்கிய நேரத்தில் செய்யுங்கள்.

வரைபடத்தில்

நில அளவைத் திணைக்களத்தின் 1:50,000 வரைபடத்தில் 2 மில்லிமீட்டர் என்பது நிலத்தில் 100 மீட்டர். ஒரே உயரமுள்ள இடங்களை இணைக்கும் சமவுயரக் கோடுகளில் அடுத்தடுத்த இரண்டுக்கு இடையே உயர வித்தியாசம் 20 மீட்டர் என்றால், 2 மில்லிமீட்டர் இடைவெளி 20 சதவீதச் சரிவைக் காட்டும். 1 மில்லிமீட்டருக்கு நெருங்கினால் 40 சதவீதம். அந்த உயர வித்தியாசத்தைத் தாளின் ஓரக் குறிப்பில் பார்த்துக்கொள்ளுங்கள். பழைய தாள்களில் அது மீட்டரில் இல்லாமல் அடிக் கணக்கில் இருக்கும்.

வீடு கட்டப்போகிறவர்களுக்கு

என்னைக் கேட்டால் இந்த அளவை அதிகம் உதவுவது இங்கேதான். 30 சதவீதச் சரிவில் 6 மீட்டர் அகலத்துக்கு மண்ணை வெட்டிச் சமன்செய்தால், வீட்டின் பின்னால் 1.8 மீட்டர் உயரத்துக்கு மண் சுவர் நிற்கும். அதே வீட்டை 60 சதவீதச் சரிவில் வைத்தால் அது 3.6 மீட்டர். மலை அதுவரை தாங்கிநின்ற சரிவை நாம் ஒரே நாளில் செங்குத்தாக்கிவிடுகிறோம்.

சரிவு குறைவு என்பதற்காக ஆபத்தில்லை என்றும் எண்ண வேண்டாம். மண்ணின் ஆழம், அடிப்பாறை, நீர் ஓடும் வழி, மழை எல்லாம் சேர்ந்துதான் நிலச்சரிவைத் தீர்மானிக்கின்றன. கொஸ்லந்தை மீரியபெத்தையில் 2014 அக்டோபர் 29 அன்று தோட்டத் தொழிலாளரின் லயன் வீடுகள் புதைந்தது கடும் மழையைத் தொடர்ந்துதான். 24 மணி நேரத்தில் 75 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்தால் விழிப்பாக இருக்கும்படி தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் அறிவுறுத்துகிறது. நிலத்தில் புது வெடிப்பு, சாயத் தொடங்கிய மரம், திடீரெனக் கலங்கிய ஊற்று ஆகியவற்றில் ஏதாவது ஒன்றைக் கண்டால் அளவு நாடாவைத் தேடாமல் அவ்விடத்தை விட்டு வெளியேறுங்கள். கட்டடம் எழுப்புவதற்கு முன் அந்த நிறுவனத்தின் பரிசோதனை அறிக்கையைக் கேட்டு வாங்குங்கள். நீங்கள் அளந்த சதவீதத்தையும் கையோடு கொண்டுபோனால் பேச்சு சுருக்கமாக முடியும்.