கான்கிரீட் அறுக்கும் பொக்லைன் ரம்பம்: செட்டிநாட்டு வீடுகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான் போன்ற ஊர்களில், சுண்ணாம்புக் காரையால் எழுப்பிய பழைய சுவர்களை ஒட்டிப் பின்னாளில் போட்ட கான்கிரீட் தளங்களை அகற்ற நேரும்போது, கான்கிரீட்டை இடித்து உடைக்கும் பிரேக்கரின் அதிர்வு சுவர்ப்பூச்சை உதிர்த்துவிடும் என்பதால்தான் பொக்லைனில் பூட்டும் டைமண்ட் ரம்பத்தைக் கேட்கிறோம். அந்த ரம்பத்தையும் பிரேக்கரைப் போலவே அழுத்தி ஓட்டுவதுதான் பெரும்பாலான தவறுகளுக்கு வேர்.

தேவகோட்டைப் பக்கம் ஒரு வீட்டின் பின்கட்டில் இதை நேரில் பார்த்தேன். பிளேடு தளத்துக்குள் முக்கால் அளவு இறங்கியிருந்தபோது, கோட்டிலிருந்து சற்று விலகிவிட்டதைச் சரிசெய்ய ஆபரேட்டர் பொக்லைனின் கையான பூமை லேசாகத் திருப்பினார். கிறீச்சென்ற சத்தத்துடன் ரம்பம் நின்றது. வெளியே எடுத்தபோது பிளேடின் விளிம்பில் இருக்கும் டைமண்ட் பற்களான செக்மெண்டுகளில் இரண்டு பெயர்ந்திருந்தன, பிளேடும் வளைந்திருந்தது. வெட்டுக்குள் இருக்கும் பிளேடுக்குப் பக்கவாட்டு விசை ஆகவே ஆகாது. முதலில் சுமார் 50 மி.மீ. ஆழத்துக்கு வழித்தடம் வெட்டிக்கொண்டு, பிறகு படிப்படியாக இறங்க வேண்டும். கோடு தவறினால் பிளேடை முழுவதும் வெளியே எடுத்த பிறகே வண்டியைத் திருப்ப வேண்டும்.

ஆழக் கணக்கிலும் பலர் ஏமாறுகிறார்கள். 1200 மி.மீ. விட்டமுள்ள பிளேடின் நடுவில் அதை இறுக்கிப் பிடிக்கும் 300 மி.மீ. விட்டமுள்ள வட்டு, அதாவது பிளேஞ்சு, இருந்தால், வெட்டும் ஆழம் 450 மி.மீ. மட்டுமே. மேலும் பிளேடு வட்டமானது என்பதால், தளம் சுவரைத் தொடும் மூலையில் அடிப்பகுதி அறுபடாமல் நிற்கும். அதை முடிக்கக் கோட்டைத் தாண்டி ஓட்டினால் பழைய சுவரில் பள்ளம் விழும். அந்தக் கடைசிப் பகுதியைக் கை மெஷினுக்கோ வட்டத் துளை போடும் கோர் டிரில்லுக்கோ விட்டுவிடுவதே முறை.

ரம்பத்தின் வேகம் வண்டி தரும் ஹைட்ராலிக் ஆயில் அளவைப் பொறுத்தது. நிமிடத்துக்கு 800 சுற்றில் 1200 மி.மீ. பிளேடின் விளிம்பு வினாடிக்கு ஏறத்தாழ 50 மீட்டர் வேகம் பெறும். அதே சுற்றில் 600 மி.மீ. பிளேடு அதில் பாதியைத்தான் எட்டும். ஆகவே பிளேடை மாற்றும்போது சுற்றையும் சரிபார்க்க வேண்டும். உள்ளே கசியும் ஆயிலை வடிக்கும் டிரெயின் ஹோஸ் தேவைப்படும் ரம்ப மோட்டாரில், அதைத் தடையின்றி நேராக டேங்குக்குக் கொண்டுபோகாவிட்டால் சீல் போய்விடும்.

கடினமான கருங்கல் ஜல்லி போட்ட கான்கிரீட்டில், டைமண்ட் துகள்களைப் பிடித்திருக்கும் பிணைப்பு கடினமாக உள்ள செக்மெண்டு தேயாமல் பளபளத்து, வெட்டாமல் வழுக்கும். அப்போது மேலும் அழுத்துவது தவறு. பிணைப்பு மென்மையான பிளேடுக்கு மாற வேண்டும்.

முட்டுக் கொடுக்காமல் தளத்தை அறுப்பது உயிருக்கே ஆபத்து. 3 மீட்டர் நீளமும் 1.2 மீட்டர் அகலமும் 150 மி.மீ. கனமும் உள்ள துண்டு சுமார் 1350 கிலோ இருக்கும். கடைசி வெட்டில் அது சாய்ந்தால் பிளேடையும் கவ்விக்கொள்ளும், கீழே விழுந்து ஆத்தங்குடிக் கல் பதித்த தரையையும் நொறுக்கும்.

தண்ணீர் பஞ்சம் என்று உலர்வாக வெட்டினால் பிளேடு சூடேறிக் கெடுவதோடு, சிலிகாத் தூசு நுரையீரலில் தங்கிச் சிலிகோசிஸ் நோயைத் தரும். அதை முழுமையாகக் குணப்படுத்த மருந்து கிடையாது. லாரித் தண்ணீர் வாங்கியாவது நனைத்தே வெட்ட வேண்டும். வடியும் சிமெண்ட் குழம்பு காரத்தன்மை உள்ளது. உள்முற்றமான வளவிலிருந்து மழைநீரை ஊருணிக்குக் கொண்டுசெல்லும் வழியை மண்மூட்டைகளால் அடைத்து, குழம்பைத் தனியே தேக்கி அள்ளிய பிறகே அந்த வழியைத் திறக்க வேண்டும்.