லாடரேன் ஆய்வில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

குப்பிக்கு லேபிள் ஒட்டு, பிளாங்க் (மாதிரி சேர்க்காத வெறும் கரைப்பான்) ஓட்டு என்பதெல்லாம் யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. லாடரேன் என்பது, ஆக்சிஜன் இல்லாமலே அம்மோனியத்தை நைட்ரஜன் வாயுவாக்கும் அனமாக்ஸ் பாக்டீரியாவின் சவ்வில் இருக்கும் ஏணி வடிவக் கொழுப்பு. அதன் பக்கம் புதிதாக வருபவர்கள், நாங்கள் எல்லாரும் விழுந்தெழுந்த அதே குழிகளில் வரிசையாக விழுவதைப் பார்த்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

ஜிசியில் (வாயு குரோமட்டோகிராபியில்) ஏற்றுவது

இது மட்டும் இன்றும் எரிச்சலைக் கிளப்பும். 109.5 டிகிரி பிணைப்புக் கோணம் கேட்கும் கார்பனை ஏறக்குறைய 90 டிகிரிக்கு மடக்கி வைத்திருப்பவை சைக்ளோபியூட்டேன் வளையங்கள். அவற்றை ஒன்றோடொன்று ஒட்டி ஏணியாக நீட்டினால் எவ்வளவு இறுக்கம் சேரும்! சூடு பட்டால் வளையம் திறந்துகொள்ளும். அனமாக்ஸ் செல்களை நீரோடு 72 மணி நேரம் சூடாக்கிப் பார்த்த ஆய்வில் 120 டிகிரி செல்சியஸிலேயே மாற்றம் தொடங்கிவிட்டது, 140ஐத் தாண்டியதும் லாடரேனே இல்லை. ஜிசியில் மாதிரியை ஆவியாக்கும் இன்ஜெக்டரோ 250, 300 என்று கொதிக்கும்.

இதில் மோசம் என்னவென்றால், வளையம் திறந்தாலும் அணு எதுவும் போவதில்லை, வருவதும் இல்லை. அதனால் மூலக்கூறு எடை அப்படியே இருக்கும். ஒருவர் ஓடிவந்து, ஒரே எடையில் பக்கத்துப் பக்கத்தில் நின்ற இரண்டு மூன்று பீக்குகளை (வரைபடத்தில் எழும் முகடுகளை) காட்டி, "புது ஐசோமர்" (அதே அணுக்கள், வேறு அமைப்பு) என்றார். புதுசுதான், பாக்டீரியா செய்ததல்ல, அவருடைய இன்ஜெக்டர் செய்தது! அனமாக்ஸ் பாக்டீரியா இரட்டிப்பாகவே பெரும்பாலும் இரண்டு வாரம் போல எடுக்கும், மாதக்கணக்கில் வளர்த்துச் சேர்த்த செல்லை இப்படி வேகவைத்தால் கோபம் வராதா? எல்சி-எம்எஸ்ஸில் (திரவ குரோமட்டோகிராபியோடு நிறை நிறமாலைமானியில்) ஓட்டுங்கள், 2006 முதலே அதற்கு முறை இருக்கிறது. ஜிசியை விட்டால் வழியில்லை என்றால், வருவது திறந்த வளையமாகவும் இருக்கலாம் என்று நினைத்துக்கொண்டே பீக்கைப் படியுங்கள்.

ஹைட்ரசினை அடைக்கும் சுவர் என்று எழுதுவது

அனமாக்ஸ் செல்லுக்குள் ஹைட்ரசின் உருவாகும் அறையான அனமாக்சோசோமின் சவ்வில் லாடரேன் அடர்ந்திருப்பது 2002இல் வெளிவந்தபோது, நச்சான ஹைட்ரசின் கசியாமல் காக்கத்தான் இது என்று நினைத்தது நியாயம். ஆனால் ஆய்வகத்தில் தயாரித்த லாடரேன் பாஸ்போலிப்பிடுகளை (பாஸ்பேட் தலைப்பகுதி உள்ள சவ்வுக் கொழுப்புகளை) வைத்து 2018இல் சோதித்தபோது, ஹைட்ரசின் அந்தச் சவ்வை எளிதாகத் தாண்டிப் போனது, மெதுவானது புரோட்டான் கசிவுதான். அப்புறமும் பழைய கதையையே அறிமுகப் பத்தியில் ஒட்டுவது சோம்பேறித்தனம்.

வண்டலில் லாடரேன் கிடைத்ததும் "உயிரோடு இருக்கிறது" என்பது

செத்த செல்லும் லாடரேனை விட்டுச் செல்லும். செல் செத்தால் தலைப்பகுதி சீக்கிரம் கழன்றுவிடும், அதனால் தலைப்பகுதி கழலாத பாஸ்போலிப்பிடு இருக்கிறதா என்று பாருங்கள்.

ஐந்து வளைய ஏணியை மட்டும் தேடுவது

மூன்று சைக்ளோபியூட்டேனோடு ஒரு சைக்ளோஹெக்சேன் ஒட்டியதும் அதே சவ்வில்தான் இருக்கிறது.