ஓர் ஆண்டின் நாட்டு நடப்பைத் தொகுப்பது எப்படி: 1969ஐ முன்வைத்து

ஆண்டு மலருக்காகவோ போட்டித் தேர்வு வகுப்புக்காகவோ ஓர் ஆண்டின் நிகழ்வுகளைத் தொகுத்துத் தருமாறு யாரேனும் கேட்டால், கைப்பேசியில் கிடைக்கும் பட்டியலை அப்படியே எடுத்தெழுதிவிடலாம் என்றுதான் முதலில் தோன்றும். அப்படி எழுதினால் தேதிகள் இருக்கும். ஒன்றிலிருந்து மற்றொன்று எப்படி விளைந்தது என்பது இருக்காது. சென்னையில் இருப்பவர்களுக்கு அந்தக் குறை நேர வேண்டியதில்லை. எழும்பூரில் 1896இல் திறக்கப்பட்ட கன்னிமாரா நூலகம், நாட்டில் வெளியாகும் நூல்களும் நாளிதழ்களும் சட்டப்படி வந்துசேர வேண்டிய நான்கு நூலகங்களுள் ஒன்று. பழைய தமிழ் இதழ்களுக்குத் தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது.

எடுத்த எடுப்பில் ஜனவரியிலிருந்து தொடங்க வேண்டாம். ஆண்டின் முடிச்சு எந்த மாதத்தில் விழுந்தது என்று பார்த்து, அங்கிருந்து முன்னும் பின்னும் செல்வதே நல்லது. 1969க்கு அது ஜூலை. 16ஆம் தேதி மொரார்ஜி தேசாயிடமிருந்து நிதித்துறை எடுக்கப்பட்டது. 19ஆம் தேதி, 50 கோடி ரூபாய்க்குக் குறையாத வைப்புத்தொகை கொண்ட 14 வங்கிகளை நாட்டுடைமையாக்கும் அவசரச் சட்டம் வந்தது. அதில் கையொப்பமிட்டவர், மே 3 அன்று ஜாகிர் உசேன் காலமானதால் குடியரசுத் தலைவர் பொறுப்பை வகித்துவந்த வி.வி.கிரி. மறுநாளே அவர் பதவி விலகி, குடியரசுத் தலைவர் தேர்தலில் சுயேச்சையாக நின்றார். ஆகஸ்ட் 16 அன்று வாக்குப்பதிவு நடந்து, 20 அன்று இரண்டாம் விருப்ப வாக்குகளையும் எண்ணிய பிறகு, கிரி 4,20,077 வாக்கு மதிப்பும் காங்கிரசின் அதிகாரபூர்வ வேட்பாளர் சஞ்சீவ ரெட்டி 4,05,427 வாக்கு மதிப்பும் பெற்றிருந்தனர். தன் கட்சி வேட்பாளரைத் தோற்கடித்ததாகக் குற்றஞ்சாட்டப்பட்ட இந்திரா காந்தி நவம்பர் 12 அன்று கட்சியிலிருந்து நீக்கப்பட்டார். இவற்றைத் தனித்தனி வரிகளாக விடாமல், ஒவ்வொன்றின் ஓரத்திலும் முந்தையதன் தேதியைப் பென்சிலால் குறித்துவைத்தால் சங்கிலி தானாகவே தெரியும்.

நாளிதழின் மேல் அச்சிட்டுள்ள தேதி வேறு, சம்பவம் நடந்த தேதி வேறு என்பதை மறக்கக் கூடாது. அறிஞர் அண்ணா அடையாறு புற்றுநோய் மருத்துவமனையில் காலமானதை 'பிப்ரவரி 2 ராத்திரி' என்று சொல்லும் பெரியவர்கள் இருக்கிறார்கள். நினைவில் அது அந்த இரவுதான். ஆயினும் நள்ளிரவு கடந்துவிட்டதால் பதிவில் பிப்ரவரி 3. நான் முதன்முதலில் தொகுத்த ஏட்டில் 2 என்று எழுதி, அச்சுக்குப் போகும் முன்னர் அடித்துத் திருத்தினேன். கருணாநிதி முதல்வரானது பிப்ரவரி 10. இடைப்பட்ட ஒரு வாரம் நெடுஞ்செழியன் தற்காலிக முதல்வராக இருந்ததைப் பலரும் விட்டுவிடுகிறார்கள்.

சட்டம் சார்ந்த செய்திக்குப் பெரும்பாலும் மூன்று தேதிகள் உண்டு. தமிழ்நாடு என்ற பெயருக்காகச் சட்டமன்றம் தீர்மானம் நிறைவேற்றியது 1967 ஜூலை 18. நாடாளுமன்றம் சட்டமியற்றியது 1968. நடைமுறைக்கு வந்தது 1969 ஜனவரி 14. இவற்றில் எதைக் கொடுக்கிறோம் என்று வாக்கியத்திலேயே சொல்லிவிட வேண்டும். 'பெயர் மாறியது' என்று பொதுவாக எழுதினால் மூன்றில் எதுவும் பொருந்தும். கட்சிப் பெயர்களிலும் இதே கவனம் தேவை. 'ஸ்தாபன காங்கிரஸ்' என்பது, நவம்பரில் காங்கிரஸ் பிளவுபட்ட பின், இந்திரா காந்தியை நீக்கிய அணிக்கு வழங்கிய பெயர். ஜூலை மாதக் குறிப்பில் அது வந்தால் தவறு.

அன்று பெரிதாகத் தெரியாமல் பின்னால் பெரிதானவற்றுக்கு வேறு நிற மை வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஆண்டு ஆகஸ்ட் 15 அன்று இஸ்ரோ தொடங்கப்பட்டது; மறுநாள் குடியரசுத் தலைவர் தேர்தல் என்ற பரபரப்பில் இருந்த நாட்டுக்கு அது எத்தனை பெரிய செய்தியாக இருந்திருக்க முடியும்? அதைச் சேர்ப்பது நம் காலத்தின் முடிவு என்பது வாசகருக்கும் தெரியட்டும்.

நூலகத்துக்குப் போகும்போது பென்சிலையே எடுத்துச்செல்லுங்கள். பழைய கட்டுத் தொகுதிகளில் தாள் மொரமொரப்பாகி, திருப்பினாலே ஓரம் உதிரும்; தையல் பக்கத்துப் பத்தியில் ஓரிரு எழுத்துகள் கட்டுக்குள் மறைந்திருக்கும். விரித்து அழுத்தாமல், இன்னொரு நாளிதழில் அதே செய்தியைத் தேடி ஒப்பிட்டுக்கொள்வது பாதுகாப்பானது.

டிசம்பர் 31 அன்று கோடு போட்டு முடித்துவிட முடியாத விஷயங்களுக்காகக் கடைசியில் ஒரு பக்கத்தைக் காலியாக விடுங்கள். வங்கிகள் நாட்டுடைமைச் சட்டத்தை உச்ச நீதிமன்றம் 1970 பிப்ரவரி 10 அன்று செல்லாததாக்கியதும், நான்கே நாளில் புதிய அவசரச் சட்டம் வந்ததும் அந்தப் பக்கத்துக்கு உரியவை.