கையில் பிடித்துப் படமெடுக்கும்போது கேமரா எடை: தவிர்க்க வேண்டிய தவறுகள்

வால்பாறை புதுத்தோட்டம் பக்கம் சிங்கவால் குரங்கைப் படமெடுக்க வருகிறவர்களில் இரண்டு கட்சி உண்டு. கேமரா கனமாக இருந்தால் கை ஆடாது என்பது ஒரு கட்சி. உள்ளே கண்ணாடி இல்லாத லேசான மிரர்லெஸ் கேமரா வாங்கிவிட்டால் போதும் என்பது இன்னொன்று. இரண்டுமே பாதிதான் சரி.

கனத்தால் நன்மை உண்டு. ஷட்டரை விரல் அழுத்துவது, டிஎஸ்எல்ஆருக்குள் கண்ணாடி எழும்பி இடிப்பது, விநாடிக்குச் சுமார் 8 முதல் 12 முறை வரும் கையின் இயல்பான நடுக்கம், இவையெல்லாம் வேகமான சின்ன அசைவுகள். எடை கூடிய பொருள் இவற்றுக்குச் சட்டென்று அசைந்து கொடுக்காது. தோளில் வைத்து எடுக்கும் பழைய கல்யாண வீடியோ கேமரா நிதானமாக நகர்வதும், செல்போன் வீடியோ வெடுக்வெடுக்கென்று துள்ளுவதும் பெரும்பாலும் இதனால்தான்.

ஆனால் அந்தக் கனத்தைத் தாங்குவது தசை. தசை களைத்தால் நடுக்கம் கூடும். கனம் கொடுத்ததை களைப்பு பிடுங்கிக்கொள்ளும். சிக்மா 150-600 கன்டெம்பரரி லென்ஸ் மட்டுமே 1.93 கிலோ, பாடியும், அதாவது லென்ஸ் இல்லாத கேமராவும், சேர்ந்தால் இரண்டரை கிலோவை ஒட்டி வரும். அதைக் கண்ணிலேயே வைத்துக்கொண்டு இருவாட்சிப் பறவைக்காகக் காத்திருப்பதுதான் நான் அடிக்கடி பார்க்கும் தவறு. பெரிய இருவாட்சி பறந்து வந்தால் சிறகுச் சத்தம் தூரத்திலேயே கேட்கும். அப்போது தூக்கினால் போதும்.

எடை எவ்வளவு என்பதைவிட எங்கே இருக்கிறது என்பதுதான் முக்கியம். லேசான பாடியில் நீள லென்ஸ் மாட்டினால் பாரம் முழுக்க முன்னால் போய்விடும். இடது கை பாடியைப் பிடித்திருந்தால் லென்ஸின் முனை தொங்கி ஆடும். இடது உள்ளங்கையை லென்ஸுக்கு அடியில், இரண்டு பக்கமும் சமமாக நிற்கிற இடத்தில் கொடுத்து, முழங்கையை விலாவோடு ஒட்டிக்கொள்ளுங்கள். ஆட்டத்தைக் குறைக்கவென்றே, பாடிக்கு அடியில் மாட்டும் பேட்டரி கிரிப் வாங்குவது, என்னைக் கேட்டால், வீண் செலவு. காருக்குள்ளிருந்து எடுப்பவர்கள் ஜன்னலில் லென்ஸைச் சாய்ப்பது நல்லதுதான்; இன்ஜினை அணைத்துவிடுங்கள், இல்லையென்றால் அதன் அதிர்வும் படத்தில் வந்துவிடும்.

அப்புறம் ஷட்டர் ஸ்பீடு, அதாவது ஷட்டர் எத்தனை விநாடி திறந்திருக்கிறது என்பது. குவியத்தூரத்தைக் கீழே போட்டு, மேலே ஒன்று போடுவது பழைய கணக்கு. 1.5 கிராப் எனப்படும் சின்ன சென்சாரில் குவியத்தூரத்தை 1.5-ஆல் பெருக்க வேண்டும்; 300 மிமீ என்றால் 1/450, அதை ஒட்டிய 1/500 வையுங்கள். மழைக்காலத்தில் சோலைக்குள் வெளிச்சம் மங்கிவிடும். ஐஎஸ்ஓவை, அதாவது கேமராவின் ஒளியுணர்வு அளவை, கூட்டப் பயந்து 1/60-க்கு இறங்குவார்கள். கேட்டால், ‘லென்ஸில் ஆட்டத்தைச் சமாளிக்கும் ஸ்டெபிலைசர் இருக்கிறதே’ என்பார்கள். அது உங்கள் கையின் ஆட்டத்தை மட்டும்தான் சரிசெய்யும், குரங்கின் தாவலை அல்ல. ஐஎஸ்ஓவைக் கூட்டியதால் படத்தில் நொய்ஸ், அதாவது புள்ளிப்புள்ளியான கறை, இருந்தால் பிறகு குறைத்துக்கொள்ளலாம். ஆடிய படத்துக்கு வழி குறைவு.

எது தவறு என்று தெரியவில்லையா? படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். இலை, கிளை, குரங்கு எல்லாம் ஒரே திசையில் இழுபட்டிருந்தால் கை ஆடியிருக்கிறது. கிளை கூர்மையாக இருந்து குரங்கு மட்டும் இழுபட்டிருந்தால் ஷட்டர் ஸ்பீடு போதவில்லை. முதல் படங்கள் நன்றாக இருந்து போகப்போக ஆட்டம் கூடியிருந்தால், கேமராவைக் கொஞ்ச நேரம் கீழே இறக்குங்கள்.