மழை ஓயாத ஊரில் வெடிமருந்து: மிகுபுனைவு எழுதுகிறவர்களுக்கு

மிகுபுனைவுக் கதைக்குள் வெடிமருந்தைக் கொண்டுவருகிறவர்கள் முதலில் யோசிப்பது அதைக் கண்டுபிடித்த மந்திரவாதியைப் பற்றித்தான். அவர் காத்திருக்கட்டும். முதலில் முடிவு செய்ய வேண்டியது வெடியுப்பு எங்கிருந்து வருகிறது என்பதை. வெடிமருந்தின் எடையில் ஏறக்குறைய முக்கால் பங்கு அதுதான்; கரியும் கந்தகமும் மிச்சத்தைப் பங்குபோட்டுக்கொள்ளும். கதைக்குள் செய்முறை எழுத வேண்டிய அவசியமே இல்லை. சரக்கு யார் கையில் இருக்கிறது என்று தெரிந்தால் போதும்.

உங்கள் கற்பனை ஊர் மலேசியாவின் சுங்கை சிப்புட் மாதிரி ஒரு தோட்டப்புற ஊர் என்று வைத்துக்கொள்வோம். பால்மரக் (ரப்பர்) காடு, தொழிலாளர் வரிசையாகக் குடியிருக்கும் லயத்து வீடுகள், பக்கத்தில் சுண்ணாம்புக்கல் குன்றுகள், வருடம் முழுக்க மழை. சிக்கலே அந்த மழைதான். சாணமும் சிறுநீரும் மட்கிய மண்ணில் நுண்ணுயிர்கள் வேலை செய்து உண்டாவது வெடியுப்பு. தண்ணீர் பட்டால் கரைந்து மண்ணுக்குள் இறங்கிவிடும். பீகாரில் அது நிலத்தின் மேலேயே பூத்தது, மழைக்காலம் முடிந்ததும் நீண்ட வறட்சி வந்ததால். 1757 பிளாசிப் போருக்குப் பிறகு அந்த உப்பு கிழக்கிந்தியக் கம்பெனியின் பிடிக்குள் போனது. பிரான்ஸ் தன் மண்ணிலேயே தேட வேண்டியதாயிற்று. 1775இல் அமைத்த வெடிமருந்து நிர்வாகத்தில் வேதியியலாளர் லவாய்சியரையே உட்கார வைத்தார்கள்.

அப்படியானால் உங்கள் ஊரில் மழை படாத இடத்தில் மட்டும்தான் வெடியுப்பு கிடைக்கும். ஒன்று, குகை. பத்துமலையில் 1860களில் சீனக் குடியேறிகள் காய்கறித் தோட்டத்துக்கு உரமாக வௌவால் எச்சத்தை அள்ளினார்கள். அமெரிக்காவில் 1812 போரின்போது கெண்டக்கியின் மாமத் குகை மண்ணிலிருந்து வெடியுப்பு எடுத்தார்கள். இந்த இரண்டையும் சேர்த்துப் பாருங்கள்: குகைக் கோயிலில் மேலே வௌவால், கீழே சாமி, வாசலில் அரசனின் ஆள். எச்சம் கோயிலுக்குச் சொந்தமா, அரசாங்கத்துக்கா? கதையின் முதல் சண்டை அங்கேயே கிடைத்துவிடும்.

இன்னொன்று, மாட்டுக் கொட்டகை. இங்கிலாந்தில் அரச உத்தரவு பெற்ற வெடியுப்புக்காரர்கள் தொழுவம், புறாக்கூடு என்று எங்கே வேண்டுமானாலும் நுழைந்து தரையைத் தோண்டினார்கள். சொந்தக்காரர் சம்மதம் இல்லாமல் தோண்டக்கூடாது என்று சட்டம் வந்தது 1656இல்தான். அதை லயத்துக்குக் கொண்டுவாருங்கள். தோட்டத்து மேற்பார்வையாளரான மண்டோர் நான்கு ஆட்களோடும் மண்வெட்டியோடும் வந்து நிற்கிறார். பால் விற்கும் அம்மா கேட்கிறாள்: “கொட்டாயத் தோண்டிட்டா மாடு எங்கய்யா படுக்கும்?” இரண்டு பக்கப் போர்க்காட்சி செய்யாததை இந்த ஒரு வரி செய்யும்.

கந்தகம் எளிதாகக் கிடைப்பது எரிமலைப் பக்கம். மலாய்த் தீபகற்பத்தில் உயிருள்ள எரிமலை கிடையாது. சுமத்ராவும் ஜாவாவும் கடலுக்கு அந்தப் பக்கம். ஆகவே கந்தகம் கப்பலில் வரும், துறைமுகத்தில் வரி கட்டும், முற்றுகை என்றால் நின்றுபோகும். கரி விஷயத்தில் ஒரே எச்சரிக்கை: கோலா செபெத்தாங் சூளைகளில் வேகும் பக்காவ் (சதுப்புநில மரம்) கரியைக் கதைக்குள் இழுக்காதீர்கள். கனமான அந்தக் கரி அடுப்புக்கு நல்லது. ஐரோப்பியர் வெடிமருந்துக்குத் தேடியது வில்லோ, ஆல்டர் போன்ற லேசான மரத்தின் கரி.

இனி அந்த மந்திரவாதி. 9ஆம் நூற்றாண்டு வாக்கில் சாகாமருந்து தேடிய சீனத் தாவோயிசர்கள் கையையும் முகத்தையும் சுட்டுக்கொண்டுதான் இதைக் கண்டார்கள். போர் நூல் ஒன்றில் கலவை முறை பதிவானது 1044இல். 1132இல் சீனாவின் தேஆன் நகர முற்றுகையில் மூங்கில் குழாயிலிருந்து தீ கக்கும் ஈட்டி வந்தது. கிடைத்திருக்கும் பழைய கைத்துப்பாக்கிகளில் ஒன்று ஏறக்குறைய 1288ஐச் சேர்ந்தது. எழுத்தில் வந்த கலவை துப்பாக்கியாவதற்கு இருநூறு வருடத்துக்கு மேல். உங்கள் உலகில் தாத்தா கண்டுபிடித்து பேரன் பீரங்கியால் கோட்டையை இடித்தால் நம்ப முடியாது. வெடியுப்பு குறைவான பழைய கலவை எரியும், புகையும், குதிரையை மிரட்டும், குண்டைத் தள்ளாது. அந்தப் பயமுறுத்தும் காலத்துக்குக் குறைந்தது நான்கு தலைமுறையாவது கொடுங்கள். பீரங்கி வந்துவிட்டதாலேயே வெற்றி நிச்சயம் என்றும் எழுத வேண்டாம்: 1511இல் போர்த்துகீசியர் வந்தபோது மலாக்காவிடமும் பீரங்கிகள் இருந்தன, ஆனாலும் அது வீழ்ந்தது.

போர்க்காட்சியில் பலரும் சறுக்குவது புகையில். எரிந்த வெடிமருந்தில் பாதிக்கு மேல் வாயுவாகாமல் திடப்பொருளாகவே மிஞ்சும். அதுதான் கெட்டியான வெள்ளைப் புகை, குழாய்க்குள் ஒட்டும் கசடு, அழுகிய முட்டை நாற்றம். நாலைந்து சுற்றுச் சுட்டால் எதிரே நிற்பது யாரென்று தெரியாது. இன்னும் சுட்டால் குண்டு குழாயில் இறங்க மறுக்கும், தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும். நோன்புப் பெருநாளுக்கு வெடிக்கும் மூங்கில் பீரங்கியை மனதில் வைத்து எழுதினால் இதெல்லாம் விட்டுப்போகும். அதில் வெடிப்பது கார்பைடு வாயு. வேகத்துக்கு ஒரு கணக்கு: கல் உரசும் பொறியில் சுடும் சக்கிமுக்கித் துப்பாக்கியில் நன்கு பழகியவன் நிமிடத்துக்கு மூன்று முறை சுடுவான். கனலும் திரியால் பற்றவைக்கும் திரித் துப்பாக்கியில் அவ்வளவு முடியாது. நூறு மீட்டருக்கு அப்பால் ஒரு ஆளைக் குறிபார்த்து அடித்தால் அது அதிர்ஷ்டம்.

ஈரம் இந்த ஊரின் நிரந்தரப் பாத்திரம். சரியாகச் சுத்தம் செய்யாத வெடியுப்பில் கலந்திருக்கும் மற்ற உப்புகள் காற்றின் ஈரத்தை இழுக்கும். மருந்து கட்டி தட்டும், திரி பற்றினாலும் குண்டு கிளம்பாது. மலிவு உப்பு வாங்கிய கிராணியால் (கணக்கரால்) ஒரு படையே தோற்கலாம். கிடங்கைத் தரையிலிருந்து உயர்த்திக் கட்டுங்கள், உள்ளே செம்பு, மரக் கருவிகள் மட்டும், ஆணி அடித்த செருப்பு வெளியே. திரித் துப்பாக்கிக்காரனின் திரி எப்போதும் கனன்றுகொண்டிருக்க வேண்டும்: இருட்டில் அது அவனைக் காட்டிக்கொடுக்கும், அடைமழையில் அணைந்துபோகும். அன்றைக்கு வில்லாளிகள் ஜெயிப்பார்கள்.

மிச்சம் இருப்பது மந்திரம். தீ மந்திரம் இருநூறு மீட்டர் பாயும் என்றால் உங்கள் உலகில் யாரும் வெடிமருந்தை இடுப்பில் கட்டிக்கொண்டு நடக்க மாட்டார்கள், துப்பாக்கியே தோன்றியிருக்காது. ஐம்பது மீட்டருக்குள் அடக்குங்கள், அல்லது கண்ணில் படாததைப் பற்றவைக்க முடியாது என்று விதி வையுங்கள். இரண்டாவது விதிதான் கதைக்கு லாபம். மூடிய பீப்பாய்க்கு ஆபத்தில்லை; மருந்தை அளந்து கொடுக்க மூடியைத் திறக்கும் அரை நிமிடம்தான் ஆபத்து. அதனால் எல்லாப் படையிலும் மறைப்புத் துணி பிடிக்க ஒரு பையன் இருப்பான். அவனுக்குக் கூலி யார் கொடுக்கிறார்கள் என்பதை முதல் அத்தியாயத்திலேயே முடிவு செய்துவிடுங்கள்.